தாத்தா தப்பாகப் போட்ட இலை

கண்ணு,

கதவுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன், எடுத்துக்கொள். நீ பேச வேண்டாம். "நான் நல்லாத்தான் இருக்கேன், நீ ஊருக்குப் போம்மா" என்று உள்ளேயிருந்து ஒரு தடவை சொன்னாய். உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதி இன்னும் வரவில்லை. உன் விழுப்புரம் ரூமுக்கு வெளியே, மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறாரே உன் வீட்டுக்காரர், அவரிடம் கொஞ்சம் வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டு வந்தேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு யாராவது அழுது பேசினால் பிடிக்காது, எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாய். அதனால்தான் கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். எழுத்து அழாது. நான் அழுகிறேனா என்று நீ பார்க்கவும் முடியாது.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்தவுடன் கதவை உடைக்கத்தான் சொன்னேன். "பையன் சவுண்டு குடுக்கறாரு இல்லமா, எதுக்கு ஒடைக்கறது? நல்ல தேக்குக் கதவும்மா" என்கிறார் உன் வீட்டுக்காரர். தேக்குக் கதவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கடைசியில் இப்படிப் பேசி வைத்திருக்கிறோம்: நான் ஒவ்வொரு தாளாக உள்ளே தள்ளுவேன், நீ ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்வாய். எந்தத் தாளாவது இழுபடாமல் கிடந்தால் அவர் கடப்பாரையோடு ஏறி வருவார். படிக்கக்கூட வேண்டாம், இழுத்துக்கொண்டால் போதும். உன் ஜன்னலுக்குக் கீழே சந்தில் அவர் தம்பியை நிறுத்தி வைத்திருக்கிறார். இதையெல்லாம் உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை.

எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று நீ கேட்பாய். உன் இன்லண்டு லெட்டர் காலையில் வந்தது. கிராமத்து நர்சம்மாக்களுக்கு நச்சுச் செடிகள் சார்ட் போடுகிறேன், எல்லாம் முடிந்தது, அந்த ஒரு கொடி மட்டும் பாக்கி, தாத்தா படத்தில் அதற்கு என்ன பொய் வைத்தார் என்று எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். அதைப் படித்துவிட்டுத் துணுக்குற்றாலும் மனசைத் தேற்றிக்கொண்டேன். நியாயமான கேள்விதான், நர்சம்மாக்களுக்குச் சரியான படம் வேண்டும்தான். ஆனால் அதே காலையில் விழுப்புரம் பஸ் கண்டக்டர் ஒருவர் வீடு தேடி வந்து உன் தூரிகைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். "தம்பி குடுக்கச் சொன்னாரும்மா, இனிமே தேவைப்படாதாம்." பெட்டியைத் திறந்தேன். எல்லாத் தூரிகையும் கழுவித் துடைத்து, முடியை நுனி சேர்த்து, வரிசையாக வைத்திருந்தாய். பிரஷ் இல்லாமல் எதைக்கொண்டு படம் போடப் போகிறாய்? படம் போடப் போகாதவனுக்கு அந்தக் கொடியின் உண்மை எதற்கு?

உன் அப்பாவிடம் ஓடினேன். களத்தில் மல்லாட்டைக் கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். "பையன் படம் போடத்தானே கேக்கறான். நீ எதுக்கு இப்பிடி பேஜாரு பண்ணிக்கினு வர்ற?" என்றார். பெட்டியைக் காட்டினேன். "பழசாயிட்டிருக்கும், புதுசு வாங்கியிருப்பான்" என்றார். அணில் வால் முடியில் தாத்தா தன் கையால் கட்டிய பிரஷ், அது பழசாகுமா என்று கேட்டேன். பெட்டியை வாங்கிப் பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நீ கெளம்பு. நான் நெலத்துக்கு ஆளு பாத்துட்டு அடுத்த வண்டிக்கு வர்றேன்" என்றார். செருப்புகூடப் போடாமல் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். அப்போதுதான் அவருக்கும் பயம் என்று தெரிந்தது. அவர் பயந்து நான் பார்த்ததில்லை, அதனால் என் பயம் இரண்டு மடங்காயிற்று.

பஸ்ஸில் நான் பண்ணிய கூத்தைக் கேட்டால் உனக்கு வெட்கமாக இருக்கும். கூட்டேரிப்பட்டில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நானும் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஜல்தி குடிங்க, என் புள்ளைய பாக்கப் போவணும்" என்றேன். "புள்ளைக்கு இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்றார். என்ன சொல்வது? ஒன்றும் இல்லை என்றும் சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். நல்ல மனிதர்.

தாள் போய்விட்டது. நீ இழுத்த சத்தம் கேட்டது. நல்லது, கண்ணு. அவசரமில்லை, மெதுவாகப் படி. எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, தாளும் நிறைய இருக்கிறது.

நம் குடும்பம் செடி வரைகிற குடும்பம் என்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய். என் அப்பாவின் அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் செடி வரைந்தவர். துரை குதிரையில் போவாராம், இவர் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பாராம். என் அப்பா, உன் தாத்தா, நாட்டு மருந்துக் கடைக்கும் காலேஜ் தாவரவியல் வாத்தியார்களுக்கும் வரைந்தார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லாததால் பிரஷ் என் கைக்கு வந்தது, என் கையிலிருந்து உனக்கு. இலையின் முதுகை முதலில் பார் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன், முகம் எல்லா இலைக்கும் ஒரே மாதிரிதான் பளபளக்கும், முதுகில்தான் அதன் நரம்பு தெரியும். ஒரே ஒரு செடியைப் பார்த்து வரையாதே, நாலு இடத்துச் செடியைப் பார்த்துவிட்டு வரை என்றேன். ஒன்று பூச்சி அரித்ததாக இருக்கலாம், நிழலில் வளர்ந்ததாக இருக்கலாம், அதை நம்பி வரைந்தால் அந்த ஜாதிச் செடிக்கே கெட்ட பெயர்.

பிறகு நச்சுச் செடி வழக்கம். ஒவ்வொரு நச்சுச் செடிப் படத்திலும் ஒரு பொய் இருக்க வேண்டும். எருக்கு இலை எதிரெதிராக இருக்கும், தாத்தா ஒன்று விட்டு ஒன்றாக மாற்றிப் போட்டிருப்பார். அவர் போட்ட ஊமத்தங்காயில் முள்ளே இருக்காது. ஒரு காலேஜ் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, "முள்ளு எங்க போச்சிங்க?" என்று கேட்டதற்குத் தாத்தா, "எலி தின்னுட்டுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எந்தப் படத்தில் என்ன பொய் என்பதை வாயால்தான் சொல்ல வேண்டும், எதிரில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் உனக்குச் சொன்னேன், அந்தக் கொடியைத் தவிர. நீ கேட்டபோதெல்லாம் அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போட்டேன். தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லை, கண்ணு. துரைக்கு வரைந்த கொள்ளுத்தாத்தா எல்லாவற்றையும் உள்ளபடிதான் வரைந்தார். பொய் வைக்கிற வழக்கம் உன் தாத்தாவிடம் ஆரம்பித்தது, அதுவும் நடு வயதில், ஒரே நாளில்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள் என்று உன்னிடம் எப்போதோ சொல்லியிருப்பேன். காய்ச்சல் இல்லை. சுதந்திரம் வந்து ஓரிரு வருஷம் இருக்கும், நான் பாவாடை தாவணி போடாத வயது. கல்யாணம் ஆகிப் போன அக்கா ஒரு நாள் தனியாக வந்து நின்றாள், திரும்பிப் போக மாட்டேன் என்றாள். "நாலு நாள் இருந்துட்டுப் போவட்டும்" என்றார்கள், "போவாம இன்னா பண்ணுவா" என்றார்கள், ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சமயம்தான் அப்பா அந்தக் கொடியை வரைந்து முடித்திருந்தார். அவர் வரைந்ததிலேயே அது மாதிரி ஒன்று இல்லை. துணி காயப்போடுகிற கொடியில் கவ்வி மாட்டிக் காயவைத்திருந்தார். பார்க்க வந்த காலேஜ் வாத்தியார், "இந்தப் படத்தை கையில குடுத்தா சின்னப் புள்ளகூட செடிய கண்டுபுடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது அக்காதான்.

ஒரு நாள் மத்தியானம் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். தன் கண்ணாடி வளையலைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டாள், எனக்குப் பெரிதாக இருந்தது, நழுவியது. எனக்கு ஒரே சந்தோஷம். படத்தின் முன்னால் அவள் ரொம்ப நேரம் நின்றிருந்ததைப் பார்த்தேன், அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வெளியே போனாள்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதுதான் உனக்கு வேண்டியது. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. அக்கா உயிர் உடனே போய்விடவில்லை. மறுநாள் வரை இருந்தாள். இருந்த நேரமெல்லாம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு சாவ புடிக்கலப்பா, என்னிய காப்பாத்துப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மனசு மாறிவிட்டது, கண்ணு. போன வேகத்திலேயே மாறிவிட்டது. காலையில் எனக்குத் தோசை வார்த்துத் தருவதாகச் சொன்னாள், அடுத்த வாரம் மயிலம் கோவிலுக்குப் போகலாம் என்றாள். அப்பா வண்டி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவளுக்கு வாழ ஆசை வந்தது, வந்த பிறகு வழி இல்லை. இந்த வயதிலும் எனக்கு அவள் செத்தது பயமில்லை, அவள் கேட்டதுதான் பயம்.

தாத்தா அந்தப் படத்தைக் கிழிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உட்கார்ந்து, அதே மாதிரி இன்னொன்று வரைந்தார், இலையை மட்டும் மாற்றிப் போட்டார். காலேஜுக்கு அதைத்தான் கொடுத்தார். அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய படத்தை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதுமில்லை. அதற்குப் பிறகு அவர் கையால் ஒரு நச்சுச் செடியும் உள்ளபடி வரவில்லை.

தள்ளிய தாள் இழுபடவில்லையே.

கண்ணு, அந்தத் தாள் அப்படியே கிடக்கிறதே. பாதி உள்ளே, பாதி வெளியே. நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் குரல் உடையும். கீழே பார்த்தேன், அவர் கடப்பாரையை எடுத்துவிட்டார். என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை, எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் போதும் என்று எழுதுகிறேன். எழு. எழுந்து வா. அம்மா இங்கேதான் இருக்கிறேன்.

இழுத்துவிட்டாய். சாமி. நீ இழுத்துவிட்டாய். படித்துக்கொண்டிருந்தாயா? சொல்லிவிட்டுப் படிக்கக் கூடாதா, பாவி? வீட்டுக்காரரைக் கையமர்த்திவிட்டேன், பாதிப் படியில் நிற்கிறார், கதவு பிழைத்தது என்று அவருக்கு நிம்மதி. கொஞ்சம் பொறு, தண்ணீர் குடித்துவிட்டு எழுதுகிறேன்.

கண்டாச்சிபுரத்தில் உனக்குப் பார்த்த பெண் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால் உனக்குக் கோபம் வரும். நிச்சயம் முடிந்து பத்திரிகை அடிக்கப் போகிற நேரத்தில் பெண்ணோட அப்பா மாப்பிள்ளை ரூமைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். நீ காகிதத்துக்கு நடுவில் செடிகளை வைத்து அழுத்திக் கட்டிலைச் சுற்றி அடுக்கி வைத்திருந்தாய். அவர் ஒவ்வொன்றாக இது என்ன, இது என்ன என்று கேட்டார். என் பிள்ளைக்குத்தான் பொய் சொல்ல வராதே, எல்லாம் விஷச் செடி என்று விளக்கம் வேறு சொல்லியிருக்கிறாய். "விஷத்த சுத்தி வெச்சிக்கினு நடுவுல தூங்கறான், அவனுக்கா பொண்ண குடுக்கறது" என்று அந்த மனிதர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். நீ வீட்டுக்கு வந்து கல்யாணம் நின்றுவிட்டது என்று ஒரே வரியில் சொன்னாய், சாப்பிட்டாய், கை கழுவினாய். அந்தப் பெண்ணுக்கு உன்னைப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும், உனக்கு அவளை எவ்வளவு பிடித்திருந்தது என்றும் தெரியும். அவள் கோவிலில் கொடுத்த பூவைக்கூட நீ வரைந்து வைத்திருந்தாய், வாடிய இதழோடு. உனக்கு வலிக்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. வலியைப் பார்த்து நான் இங்கே ஓடி வரவில்லை. வலியை யாரிடமும் சொல்லாமல் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கி அனுப்பினாயே, அதைப் பார்த்துத்தான் ஓடி வந்தேன்.

நான் ஒரு யோசனை சொல்லட்டுமா? யோசனை சொல்லியே ஆளைக் கொல்பவள் என்று உன் அப்பா சொல்வார், சொல்லட்டும். அந்த சார்ட்டை நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிக்கலாம். இந்தப் பொய் போதும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. குழந்தை எதையோ மென்றுவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவளுக்கு நர்சம்மா உண்மையான படத்தைத்தான் காட்ட வேண்டும். தாத்தா தன் வீட்டுக்கு நேர்ந்ததை மட்டும் பார்த்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நீ தனியாக உட்கார்ந்து அந்தக் கொடியை வரையக் கூடாது. நான் பக்கத்தில் இருக்க வேண்டும், உன் அப்பா அறையில் நடமாட வேண்டும், அவர் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு தோலைத் தரையில் போட வேண்டும், நீ அவரைத் திட்ட வேண்டும். பிரஷ் பெட்டியைக் கொண்டு வந்திருக்கிறேன். படம் வேண்டாம், இந்த வேலையே வேண்டாம், ஊருக்கு வந்து கேப்பை விதைக்கிறேன் என்றாலும் சரி. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே டாக்டர் இருக்கிறாராம், அவரிடம் போய் மனசு சரியில்லை என்று சொல்லலாம், நானும் கூட வந்து உட்காருகிறேன். எது செய்தாலும் சரி. இன்றைக்கு மட்டும் நீ தனியாக இருக்காதே.

என்னோட தாள் ஒன்று திரும்பி வந்திருக்கிறது.

முதலில் நீ படிக்க மாட்டேன் என்று திருப்பித் தள்ளிவிட்டாய் என்று நினைத்தேன். கையில் எடுக்கவே பயமாக இருந்தது. பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "பெரியம்மா பேர் என்னம்மா?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார், அவர் போன பிறகும் நான் சொல்லவில்லை. உன் அப்பாவிடம்கூட அக்கா என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதப் பார்த்தேன், கை ஓடமாட்டேன் என்கிறது. அதனால் கதவில் வாயை வைத்துச் சொல்லப் போகிறேன். அதுவரை இந்தத் தாளைத் தள்ளாமல் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். கேள்.

சொல்லிவிட்டேன். படியில் நிற்கிற உன் வீட்டுக்காரர், "இன்னாமா?" என்று கேட்கிறார்.

நீ அதைத் திருப்பிச் சொன்னாய். மெதுவாகத்தான் சொன்னாய், ஆனாலும் எனக்குக் கேட்டது. அந்தப் பெயர் இன்னொருவர் வாயில் இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. இன்னொரு தடவை சொல், கண்ணு. தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்.